ஆர்மோனியம்: இயங்கும் முறையும் இசைக்கும் நெறியும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவிலே சமயச் சொற்பொழிவுகள் பல நிகழ்ந்திருக்க, மரப்பெட்டி ஒன்றைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். சிலருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பெட்டியை முன்னிட்டே சென்ற ஆண்டு எமது சங்கத்தின் நிர்வாக சபைக் கூட்டத்திலே இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது என்பதை இங்குள்ள பலரும் அறிவர். பெரியவர் ஒருவர், "இது பாதிரிமார் கொண்டுவந்த பெட்டி, நமது பசனைக்கு இது வேண்டாம்" என்றார். இளைஞர் ஒருவர், "இது பழம் பெட்டி, இதை விற்றுவிட்டு மின்சாரக் கீபோட் ஒன்று வாங்குவோம்" என்றார். இருவரும் வெவ்வேறு காரணங்களைச் சொன்னாலும் இருவருடைய முடிவும் ஒன்றாகவே இருந்தது. பெட்டியின் பக்கம் நின்று பேச அன்று எவரும் இருக்கவில்லை. அதனை வாசிப்பவராகிய நாமும் வாய்திறக்கவில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்று எமக்கே சரியாகத் தெரியாது. பின்னர் கழற்றிப் பார்த்தோம்; படித்தோம்; கேட்டறிந்தோம். அவ்வாறு அறிந்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

பெட்டிக்குள்ளே பேசும் நாக்கு

ஆர்மோனியத்தின் உயிர் அதன் நாக்கு. வாசிப்பவர்கள் இதனை 'றீட்' என்பர். ஒரு சிறு பித்தளைத் தகட்டிலே நீண்டதோர் இடுக்கு வெட்டப்பட்டிருக்கும். அந்த இடுக்கின் அளவுக்குச் சற்றே குறைந்த ஒரு மெல்லிய பித்தளை நாக்கு, ஒரு நுனியில் மட்டும் தகட்டோடு தறையப்பட்டு, மறுநுனி சுயாதீனமாக நிற்கும். நாக்கு இடுக்கின் விளிம்பிலே முட்டாது. மயிரிழை இடைவெளி விட்டு உள்ளே போய் வரும். இதனாலேயே இவ்வகைக் கருவிகளைச் சுயேச்சை நாக்குக் கருவிகள் என்கிறார்கள்.

நாக்கின் நுனி தகட்டின் மட்டத்திலிருந்து சிறிது உயர்ந்து நிற்கும்படி வளைக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து காற்று வரும்போது, நாக்கின் கீழுள்ள இடைவெளியால் விரைந்து பாய்கிறது. அந்த வேகத்தினால் நாக்கு இடுக்கினுள் இழுக்கப்படுகிறது, வழி அடைபடுகிறது. உடனே நாக்கின் சுருள்வில் போன்ற தன்மை அதனைத் திருப்பி மேலே எழுப்புகிறது, வழி திறக்கிறது. இவ்வாறு வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்தும் மூடியும் காற்றைத் துண்டு துண்டாக வெளியே விடுகிறது. நாம் கேட்கும் நாதம் பித்தளை அதிரும் ஓசை அன்று. துண்டுபட்ட காற்றின் ஓசையே. ஐயமுள்ளவர்கள் ஒரு நாக்கை நகத்தால் மீட்டிப் பார்க்கலாம். ஈயின் முனகல் போல ஏதோ கேட்கும், அவ்வளவுதான். காற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து செலுத்தினாலோ, அந்த நாக்கு பேசாது.

நாக்கின் சுருதியை நிர்ணயிப்பவை அதன் நீளமும் தடிப்புமாகும். ஒரே தடிப்புள்ள நாக்கின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் அதிர்வு இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். அதாவது இரண்டு ஸ்தாயி உயரும். ஆகவேதான் மந்தர ஸ்தாயி நாக்குகள் நீண்டும், தார ஸ்தாயி நாக்குகள் நகத்துண்டளவுமாக இருக்கின்றன. சுருதி சேர்க்கும் தொழிலாளி நாக்கின் நுனியைச் சிறிது அராவினால் நுனி பாரம் குறைந்து சுருதி உயரும். அடியைச் சுரண்டினால் நாக்கு தளர்ந்து சுருதி இறங்கும். காற்றை ஓங்கி அடித்தாலும் மெல்ல விட்டாலும் ஓசை கூடிக் குறையுமேயன்றிச் சுருதி பெரும்பாலும் மாறாது. இந்த ஒரு குணமே ஆர்மோனியத்தின் பெருமை. அதன் குறையும் இதுவேயென்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிக் காற்று வரும் வழியைப் பார்ப்போம். பெட்டியின் பின்புறத்திலே நாம் கையால் அசைப்பது வெளித் துருத்தி. அதன் பலகையில் துளைகளும், துளைகளுக்கு உட்புறமாகத் தோல் மூடிகளும் உண்டு. துருத்தியை விரிக்கும்போது மூடிகள் திறந்து காற்று உள்ளே வரும். அழுத்தும்போது மூடிகள் தாமே அடைபட்டு, காற்று வேறொரு வழியால் பெட்டியின் அடியிலுள்ள உட்துருத்திக்குச் செல்லும். உட்துருத்தியை வில்லுகள் எப்போதும் நெருக்கிக்கொண்டிருக்கும். ஆகையால் வெளியே கை நின்று நின்று அசைந்தாலும் உள்ளே காற்று இடையறாது சீராக மேலே செல்கிறது. ஒருவர் உழைத்துச் சேமித்து வைக்க வீடு முழுவதும் சீராகச் செலவு செய்வது போன்றதே இது.

மேலே சென்ற காற்று நாக்குகள் பதித்த பலகையை அடைகிறது. முன்புறத்து ஸ்டொப்பர்களை இழுத்தால் காற்றறை திறக்கும். ஆயினும் நாக்குகள் பேசா. ஒவ்வொரு நாக்கின் மேலுள்ள துளையையும் தோல் ஒட்டிய மரமூடி ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. நாம் விரலால் கட்டையை அமுக்கும்போதுதான் அந்த மூடி எழும்பிக் காற்றுக்கு வழிவிடுகிறது. அந்த நாக்கு பேசுகிறது. மூன்றரை ஸ்தாயிப் பெட்டியொன்றிலே 42 கட்டைகள் இருக்கும். இரு வரிசை நாக்குகள் உள்ளதாயின் உள்ளே 84 நாக்குகள் காத்திருக்கும். சில பெட்டிகளில் 'கப்ளர்' என்னும் அமைப்பு உண்டு. அதனை இழுத்துவிட்டால் ஒரு கட்டையை அமுக்கும்போது அடுத்த ஸ்தாயியிலுள்ள அதே சுரத்தின் கட்டையும் தானே தாழும்.

பெட்டியின் வமிச வரலாறு

இந்த நாக்கு ஐரோப்பியர் கண்டுபிடித்ததன்று. சீனத்திலே 'ஷெங்' என்னும் வாய்க்கருவி மிகத் தொன்மையானது. மூங்கிற் குழாய்கள் பலவற்றைக் கொத்தாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு நாக்கை வைத்துச் செய்தது அது. லாவோஸ் நாட்டாரின் 'கேன்' என்னும் மூங்கிற் கருவியும் அவ்வினமே. ஐரோப்பிய அறிஞர்கள் 18ஆம் நூற்றாண்டிலேதான் இவ்வகை நாக்கில் மிகுந்த கவனஞ் செலுத்தலாயினர். 1829ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்துச் சிறில் டெமியன் என்பவர் 'அக்கோடியன்' என்ற பெயரிலே ஒரு கருவிக்கு உரிமை பெற்றார். பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் 1840களின் தொடக்கத்தில் 'ஆர்மோனியம்' என்ற பெயரைத் தம் கருவிக்கு இட்டு உரிமை பெற்றார். அது காலால் மிதித்து வாசிக்கும் பெரும் பெட்டி.

இக்குடும்பத்திலே மெலோடியன் என்றொரு தங்கையும் உண்டு. அமெரிக்காவிலே அப்பெயர் ஒருவகைக் கால் ஆர்மோனியத்தைக் குறித்தது. இங்கிலாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலோ மெலோடியன் என்பது இரு கைகளுக்கிடையே பிடித்து இழுத்தும் அமுக்கியும் வாசிக்கும் சிறு பெட்டி. அதன் வலக்கைப் பக்கத்தில் ஒரே வரிசையிலே பத்துப் பொத்தான்கள் உள்ள வகை பழையது. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு சுரங்கள். துருத்தியை அமுக்கும்போது ச, க, ப. இழுக்கும்போது ரி, ம, த, நி. மவுத் ஓர்கன் ஊதியவர்களுக்கு இதன் இரகசியம் விளங்கும். அங்கும் ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் வேறொரு சுரம். காற்றின் திசை மாறும்போதும் ஒலிக்க வேண்டியிருப்பதால், மெலோடியனின் தகட்டிலே பக்கத்திற்கொன்றாக இரண்டு நாக்குகள் இருக்கின்றன. சுரம் மாறுந்தோறும் துருத்தியின் திசையும் மாறவேண்டி வருவதால், அதன் இசை இயல்பாகவே துள்ளும் இசை. ஆகையால் அது அந்நாட்டாரின் ஆடல்களுக்கு மிகப் பொருந்திற்று. எமது ஆர்மோனியமோ இருந்து பாடுவோருக்கு உரியது. துருத்தி எப்படி அசைந்தாலும் ஒரு கட்டைக்கு ஒரு சுரமே.

ஐரோப்பாவின் கால் ஆர்மோனியம் நாற்காலியில் இருந்து வாசிக்க வேண்டியது. இந்தியப் பாடகர்களோ நிலத்திலே சம்மணமிட்டிருப்பவர்கள். கல்கத்தாவிலே துவார்க்கின் என்னும் வாத்தியக் கடையை நடத்திய துவாரகநாத் கோஷ், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காலை விட்டுக் கையால் துருத்தி அடிக்கும் பெட்டியை ஆக்கினார் என்பர். ஒரு கை துருத்திக்கு, மறு கை கட்டைக்கு என்றானது. ஐரோப்பியர் இரு கையாலும் பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பவர்கள். எமது இசையோ ஒரு சுரத்தின் பின் ஒரு சுரமாகச் செல்லும் இசை. அதற்கு ஒரு கையே போதுமல்லவா? பின்னர்க் குசராத்திலுள்ள பாலிதானா நாக்குகள் செய்வதிற் பேர்பெற்ற ஊராயிற்று.

தமிழ்நாட்டிலே இப்பெட்டியைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகங்களில் ஆர்மோனியக்காரரின் இருக்கை தனிமதிப்புடையது. கிட்டப்பாவின் மேடையிலே அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். காதர் பாட்சா என்பாரின் பெயரோடு ஆர்மோனியம் என்ற சொல்லே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. அந்த இசை நாடக மரபு கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் வேரூன்றிற்று. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அவர்களின் மயான காண்டத்தை விடியவிடிய இருந்து பார்த்த பெரியோர்கள் இச்சபையிலும் உண்டு. அந்த இரவிலே ஒலித்த ஆர்மோனியத்தை அவர்கள் அந்நியப் பெட்டி என்று எண்ணியிருப்பார்களா? சிங்கள மக்களும் தமது நூர்த்தி நாடகங்களிலே இதனைக் கையாண்டனர். 'சர்ப்பினா' என்று தங்கள் மொழியிலே பெயரும் இட்டனர்.

வாசிக்கும் முறை

வாசிக்க விரும்பும் தம்பி தங்கையருக்குச் சில வார்த்தைகள். இடக்கை துருத்தியை அடிக்கவேண்டும். ஆனால் 'அடிக்க' என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. மெதுவாக, நிறைவாக, சீராக அசைக்கவேண்டும். தாளத்திற்குத் தாளம் துருத்தியை இடித்தால் உட்துருத்தியின் சேமிப்பு குலைந்து ஓசை விக்கும். கட்டை ஒன்றும் அமுக்காமல் துருத்தியை முழுப்பலத்தோடு அடிப்பதும் கூடாது. தோலும் சீலையும் கிழியும்.

வெள்ளையும் கறுப்புமாக ஒரு ஸ்தாயியிலே பன்னிரண்டு கட்டைகள். வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணுவர். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½ எனப்படும். மூன்றுக்கும் நாலுக்கும் இடையிலும், ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் இடையிலும் கறுப்பு இல்லை. பிள்ளைகள் முதலிற் பயிலும் மாயாமாளவகௌளையை ஒரு கட்டைச் சுருதியில் வாசிப்பதானால் 1, 1½, 3, 4, 5, 5½, 7, பின் மேல் 1. விரல்கள்: பெருவிரல் சட்சமத்தில், சுட்டுவிரல் ரிஷபத்தில், நடுவிரல் காந்தாரத்தில். பிறகு பெருவிரல் உள்ளங்கையின் கீழாக நுழைந்து மத்திமத்தைப் பற்ற, மற்றவை தொடரும். ஒரு விரலை எடுக்குமுன் அடுத்த விரல் தாழவேண்டும்; இல்லையேல் சுரங்கள் இடையறுந்து தந்தியடிப்பது போலாகும்.

கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் கொண்டு ஒரு வேடிக்கை காட்டலாம். நாலரையைச் சட்சமமாக வைத்து ஐந்து கறுப்பையும் வரிசையாக வாசித்தால் மோகனம். அதே ஐந்தை ஐந்தரையிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி. ஆறரையிலிருந்து இந்தோளம். ஒன்றரையிலிருந்து சுத்தசாவேரி. இரண்டரையிலிருந்து சுத்ததன்யாசி. கட்டைகள் ஐந்தே, தொடங்கும் இடம் மாற இராகமும் மாறுகிறது. பண்டைத் தமிழர் யாழிலே குரல் மாற்றிப் பண் பெயர்த்தார்கள் என்பதைச் சுவாமி விபுலானந்தர் (1892–1947) தமது 'யாழ் நூல்' வாயிலாக விளக்கியுள்ளார். அந்நூல் 1947ஆம் ஆண்டில் அரங்கேறிற்று. அதன் நுட்பமெல்லாம் எமக்கு எளிதில் எட்டாதவை. ஆயினும் இந்த ஐந்து கறுப்புக் கட்டைகளைத் தடவிய நாளிலேதான் அந்தப் பெருநூலின் வாசற்படியாவது எமக்குத் தெரிந்தது என்று சொல்லலாம்.

குற்றச்சாட்டுகள்

பெரியோர்கள் இப்பெட்டியின் மீது சாட்டும் குற்றங்கள் வெறும் வெறுப்பினால் எழுந்தவையல்ல. பாரதியார் 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையிலே இதனை எள்ளி நகையாடியுள்ளார். கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) இதனைக் கண்டித்தார். தாகூரும் விரும்பவில்லை. 1940ஆம் ஆண்டிலே அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்தே விலக்கிற்று. அந்தத் தடை 1971ஆம் ஆண்டிலேதான் தளர்ந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து வெறுத்ததற்குக் காரணம் என்ன?

முதற் காரணம் கமகம். நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டிலே பிடித்து மூச்சாலும் உதட்டாலும் சுரத்தை அசைக்கிறார், வழுக்குகிறார். வீணையிலே தந்தியை இழுக்கலாம். ஆர்மோனியத்தின் நாக்கோ தறையப்பட்ட இடத்திலே தறையப்பட்ட சுருதியையே பேசும். ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் இடையே படிதான் உண்டு, சரிவு இல்லை. தோடியின் காந்தாரத்தை இப்பெட்டியிலே காட்டமுயல்வோர் தோடியை அறிந்தவரானால் பாதியிலே கையை எடுத்துவிடுவர்.

இரண்டாவது காரணம் சுருதி. பன்னிரண்டு கட்டைகளையும் சமமான பன்னிரண்டு படிகளாகச் சேர்ப்பதே பெட்டிகளில் வழக்கம். எந்தக் கட்டையிலும் தொடங்கலாம் என்ற வசதிக்காக, எல்லாச் சுரங்களும் சிறிது சிறிது விட்டுக்கொடுக்கின்றன. பஞ்சமம் இழப்பது மிகச் சொற்பம். அந்தர காந்தாரமோ தன் இயல்பான இடத்தைவிடத் தெளிவாகவே உயர்ந்துவிடுகிறது. ஒரு கட்டைச் சட்சமத்தையும் அந்தக் காந்தாரத்தையும் நடு ஸ்தாயியிலே ஒருங்கே ஒலித்துக் காதைத் தீட்டிக் கேளுங்கள். வினாடிக்குப் பத்து முறையளவில் ஒரு நடுக்கம் கேட்கும். தம்புராவிலே கேட்கும் காந்தாரத்தில் அந்த நடுக்கம் இல்லை. இப்பெட்டியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளையின் காது அந்த நடுக்கத்தையே நேர் என்று எண்ணிவிடும் என்பதே பெரியோரின் அச்சம். அந்த அச்சம் நியாயமானது.

ஆனால் "அந்நியப் பெட்டி" என்ற குற்றச்சாட்டை மட்டும் நாம் ஏற்கவில்லை. வயலினும் கடல் கடந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கையிலெடுத்தார். இன்று வயலின் இன்றிக் கச்சேரி இல்லை. நாவலர் பெருமான் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே படித்தும் படிப்பித்தும் இருந்தவர். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தொடங்கிய பிரசங்க முறையும், பின்னர் நிறுவிய அச்சியந்திரசாலையும் எங்கிருந்து கற்ற முறைகள்? கருவியைக் கொண்டுவந்தவர் யார் என்று பெருமான் பார்க்கவில்லை. அது எதற்குப் பயன்படும் என்றே பார்த்தார்.

நாமும் மிஷன் பாடசாலையொன்றிலே கற்றவர்களே. அங்குள்ள செபக்கூடத்திலே கால் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. மிதிக்க ஒருவரும் இல்லாத நேரங்களில் எம்மை மிதிக்க விட்டார்கள். பிறகு வாசிக்கவும் விட்டார்கள். அங்கே கற்ற விரல்தான் இன்று எமது பசனையில் அசைகிறது. இதைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை. எம்மை வெட்கப்படச் செய்தது வேறொன்று.

எமது குற்றம்

செபக்கூடத்திலே நாம் கற்ற பாட்டுகள் பெரும்பாலும் வெள்ளைக் கட்டைகளிலே ஓடுபவை. ஆகவே எமது பசனைப் பாட்டுகளையும் ஒரு கட்டைச் சுருதியிலேயே பழகிக்கொண்டோம். வேறு சுருதி எமக்குத் தெரியாது. தெரியாது என்பதை எவரிடமும் சொல்லவும் இல்லை. "பெட்டியின் சுருதி இதுதான்" என்று சொல்லிவிட்டோம், எல்லோரும் நம்பினார்கள்.

எமது பசனைக் குழுவிலே பதினான்கு வயதுத் தம்பி ஒருவர் இருந்தார். சிறுவயது முதல் முன்வரிசையிலே இருந்து கணீரென்று பாடியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் திருவெம்பாவைக் காலத்திலே அவருக்குக் குரல் உடைந்தது. மார்கழி விடியற்காலையில், சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, நாம் பெட்டியோடு முன்னே நடந்தோம். பாட்டு மேற் சட்சமத்தைத் தொடும் இடத்திலெல்லாம் அவர் குரல் பிளந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் எம்மைத் திரும்பிப் பார்த்து, "அண்ணை, கொஞ்சம் இறக்கி வாசிக்க ஏலாதோ?" என்று கேட்டார். நாம், "பெட்டியை இறக்க ஏலாது தம்பி, நீர்தான் ஏற்றிப் பாடவேணும்" என்றோம். மறுநாள் அவர் வரவில்லை. அதன் மறுநாளும் வரவில்லை.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தபின் நாம் கணக்குப் போட்டோம். ஒரு கட்டையை விட்டு, அதற்குக் கீழேயுள்ள ஆறு கட்டையைச் சட்சமமாக வைத்திருந்தால் அந்தத் தம்பிக்குப் போதுமாயிருந்திருக்கும். வெள்ளைக் கட்டைகளிலே நாம் வாசித்த சங்கராபரண மெட்டை ஆறு கட்டையில் வாசிக்க எத்தனை கறுப்புக் கட்டைகள் வேண்டும்? ஒன்றரை, நாலரை, ஐந்தரை: மூன்றே மூன்று. மூன்று கறுப்புக் கட்டைகளைப் பழகச் சோம்பி, ஒரு பிள்ளையைப் பசனையிலிருந்து எழுப்பிவிட்டோம். பெட்டி செய்த குற்றமா அது?

எல்லாக் கட்டையிலும் தொடங்கலாம் என்ற அந்த ஒரு வசதிக்காகத்தானே பன்னிரண்டு சுரங்களும் தமது நேர்மையிலே சிறிது விட்டுக்கொடுத்தன? அந்த வசதியை நாம் கையாளவேயில்லை. பெட்டியின் குறையை எல்லாரும் கேட்டார்கள்; அதன் நன்மையை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. இன்று கருநாடக இசைப் பாடகர் தமது சுருதியைச் சொல்லும்போது 'ஒன்றரைக் கட்டை', 'ஐந்து கட்டை' என்றே சொல்கிறார். கட்டை என்பது இந்தப் பெட்டியின் கட்டையே. பெட்டியை மேடையில் ஏற்றாதவர்களும் குரலை அளக்க அதன் கோலையே எடுக்கிறார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கட்டை உண்டு என்பதே அந்த வழக்கின் பொருள். அந்தத் தம்பியின் கட்டையைத் தேடிக் கொடுப்பது வாசிப்பவரின் கடமையாயிருந்தது.

சென்ற மாதம் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் தாயார் தேநீர் தந்தார். தம்பி நல்ல பிள்ளை, மறுவார்த்தை சொல்லவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் வந்து பின்வரிசையில் இருந்து தாளம் போடுகிறார். இன்னும் வாய் திறந்து பாடவில்லை.

எமது விண்ணப்பம்

ஆகவே பெரியோர்களிடமும் தோழர்களிடமும் சில விண்ணப்பங்களை வைக்கிறோம்.

பூசையின்போது பஞ்சபுராணம் ஓதும் வேளையிலே ஆர்மோனியம் வேண்டாம். பண்ணோடு ஓதும் குரலுக்கு இப்பெட்டி துணையாகாது, தடையாகும். இதிலே பெரியவர் சொன்னதே சரி. பிள்ளைகளுக்குத் தேவாரம் பழக்கும்போதும் தம்புராவோ சுருதிப் பெட்டியோ போதும். இப்போது கைத்தொலைபேசியிலும் தம்புரா ஒலிக்கிறது, அதையேனும் வைத்துக்கொள்ளலாம். காது நேராகட்டும்.

பலர் கூடிப் பாடும் பசனைக்கும், ஊர்வலத்திற்கும், பிள்ளைகளின் நாடகத்திற்கும் ஆர்மோனியம் இருக்கட்டும். நாற்பது பேர் நாற்பது சுருதியிலே போகாமல் ஒரு கயிற்றிலே கட்டி நடத்துவதில் அதற்கு நிகர் இல்லை. மின்சாரம் வேண்டாம், தோளிலே மாட்டிக்கொண்டு நடக்கலாம். கீபோட் வாங்க எண்ணும் தோழருக்கு ஒன்று சொல்வோம். இப்பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓர் ஆணி முறுக்கியோடு அரைநாள் இருந்தால் கண்ணாலே காணலாம். பழுதையும் நாமே பார்க்கலாம். எமது பெட்டியிலே பேசாதிருந்த நான்கு நாக்குகளில் மூன்றுக்கு வந்த நோய் வெறும் தூசு. தூரிகையால் துடைத்ததும் பேசின. நான்காவதன் மூடித் தோலைக் கரப்பான் அரித்திருந்தது. பழைய கையுறைத் தோலில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினோம். கடற்காற்றுப் படும் எமது ஊரிலே பித்தளையிற் களிம்பு ஏறும். துருத்திச் சீலையை எலி கடிக்கும். பெட்டியை நிலத்திலே வைக்காமல் பலகை மேல் வைத்துத் துணியால் மூடினால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

கடைசியாக, வாசிக்கப் பழகும் ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு சுருதிகளிலே எல்லாப் பசனைப் பாட்டுகளையும் வாசிக்கத் தெரிந்தபின்னரே குழுவின் முன்னே இருக்கவேண்டும் என்று சங்கம் ஒரு விதி செய்யவேண்டும். இந்த விதியின் முதற் பரீட்சைக்கு நாமே அமர்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு ஒரு சுருதி, ஆண்களுக்கு ஒரு சுருதி, குரல் உடையும் பருவத்துத் தம்பிமாருக்கு ஒரு சுருதி. பாட்டைத் தொடங்குமுன் வாசிப்பவர் முன்வரிசையைப் பார்த்து, "எந்தக் கட்டை?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி ஒன்றே போதும். பெட்டியின் மீதுள்ள பாதிப் பழி நீங்கிவிடும்.

வரும் மார்கழியிலே திருவெம்பாவைக்கு ஆறு கட்டையிலே தொடங்க நாம் பழகிக்கொண்டிருக்கிறோம். மூன்று கறுப்புக் கட்டைகளும் இப்போது விரலுக்கு நன்றாகப் படிகின்றன. பின்வரிசையிலே தாளம் போடும் தம்பி இச்சபையிலும் இருக்கிறார். அவரைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம். அவர் விரும்ப மாட்டார். ஆயினும் அந்த விடியற்காலையிலே முன்வரிசையில் ஓர் இடம் அவருக்காக விடப்பட்டிருக்கும் என்பதை மாத்திரம் இங்கே சொல்லிக்கொள்கிறோம்.

எல்லாம்வல்ல இறைவன் திருவருள் எமது சங்கத்தைக் காப்பதாக.